எத்தனை சாலு?

நான் முடைந்த முதல் கூடை என் முழங்காலுக்கு மேலே வரும். இதை யாரிடம் வேண்டுமானாலும் பெருமையாகச் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் வகுப்பில் வேறு யார் அந்த உயரத்துக்கு முடைந்தார்கள்?

ஐம்பதுகளில் நடந்தது இது. கெலமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிளாக் ஆபீஸிலிருந்து ஓர் அம்மாள் ஜீப்பில் வந்து, பெண்களுக்கு மூங்கில் கூடை முடையக் கற்றுத் தரப் போவதாகச் சொன்னார். ஒன்றும் தெரியாதவர்கள்தான் வேண்டும் என்றார். அப்படியானால் என்னைவிடப் பொருத்தமானவள் யார்? முதல் ஆளாகப் போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தேன்.

கற்றுக்கொடுக்க வந்தவள் ஜவளகிரிக்காரி. என் வயதுதான் இருக்கும், இடுப்பில் ஒரு குழந்தை. சந்தைக்குச் சந்தை கூடை விற்பவள். எங்கள் களத்துக்கு வந்தால் வேலிக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போவாள். "இனிமே இவங்கள டீச்சர்னுதான் கூப்பிடணும்" என்று ஜீப் அம்மாள் சொன்னார். எங்கள் யார் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. என் வாயிலும்தான். "இந்தாம்மா", "ஏ கூடைக்காரி" என்றே ஓட்டினோம்.

ஜீப் அம்மாள் போகும்போது கண்டிப்பாக ஒன்று சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன், ஆளுக்கொரு கூடை விளிம்பு கட்டித் தயாராக இருக்க வேண்டும். இருந்தால் இவளையே மற்ற ஊர்களுக்கும் டீச்சராக அனுப்புவோம். இல்லாவிட்டால் வகுப்பும் இல்லை, இவளுக்கு அந்த வேலையும் இல்லை. ஜவளகிரிக்காரி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாளே மூங்கில் சிம்பு என் விரலைக் கிழித்தது. இரண்டாம் நாள் அடிப்பாகம் உட்கார்ந்தது. நிற்கும் மூங்கில் பத்தைகளுக்கு நடுவே மெல்லிய சிம்பை உள்ளே வெளியே விட்டுச் சுற்றிச் சுற்றி ஏற்றினேன். ஒரு முழம் ஏறியதும் அவள் வந்து கூடையைத் தட்டிப் பார்த்தாள். "சாலும்மா" என்றாள்.

எங்கள் பக்கம் சால் என்றால் ஏர் ஓட்டிப் போகும் வரிசை. கன்னடக்காரர்களும் வரிசையைச் சாலு என்றுதான் சொல்வார்கள். இன்னொரு வரிசை போடச் சொல்கிறாள் என்று போட்டேன். திரும்பி வந்தாள். "சாலும்மா, சாலு." இரண்டு வரிசை போட்டேன். மறுநாளும் அதே கதை. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என்ன விஷயம் என்று கேட்கலாம்தான். ஆனால் கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே! எனக்கு அந்த வீம்பு அதிகம்.

புதன்கிழமை என் பொறுமை போய்விட்டது. சிம்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன்: "நீயும் வந்ததுலேர்ந்து சாலு சாலுங்கறே. எத்தன சாலுதான் சொல்லுவே?"

அவள் முகம் செத்துப்போயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. யார் கூடைக்கும் விளிம்பு கட்டவில்லை, அது அவள் சொல்லித்தர வேண்டிய வேலை. பக்கத்து வீட்டுக்காரி என்மேல் பாய்ந்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு.

"நாளைக்கு ஜீப்பு வந்துரும். அவ பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! போதும் போதும்னு அவ கெஞ்சினா, நீ வேணும்னே ஏத்திக்கிட்டே போனே. கூடைக்காரி சொல்லி நான் என்னாத்துக்குக் கேக்கணும்னுதானே?"

"அவ எங்கடி போதும்னு சொன்னா?"

"சாலுன்னா என்னான்னு நெனச்சே?"

"இன்னொரு வரிசை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அடிப்பாவி! தெலுங்குல சாலுன்னா போதும்டி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது. எத்தனை முறைதான் போதும் என்பாய் என்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறேன், அதுவும் சொல்லிக்கொடுக்க வந்தவளிடம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கெலமங்கலத்துக்கு நடந்தேன். அங்கே அவள் அக்காள் வீட்டில் தங்கியிருந்தாள். "என்னாம்மா, இதுக்குள்ள யானையப் போட்டுக் கொண்டுபோறியா?" என்று ஏரிக்கரையில் ஒருவர் கேட்டார். நடையை எட்டிப் போட்டேன்.

வாசலில் அவள் மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"டீச்சர்" என்று கூப்பிட்டேன்.

கத்தி நின்றது.

"எனக்குத் தெலுங்கு தெரியாதுங்க டீச்சர். சாலுன்னா இன்னொரு வரிசைன்னு நெனச்சிட்டேன். நீங்க சொல்லச் சொல்லப் போட்டேன்."

என்னைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. "ஐயோ அக்கா! நான் நிறுத்து நிறுத்துன்னேன், நீங்க போட்டுக்கிட்டே இருந்தீங்களா!" அதுவரை என்னை அம்மா என்றுதான் சொல்வாள்.

கூடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நுனிவரை முடைந்துவிட்டதால் விளிம்புக்கு மடக்கப் பத்தையே மிச்சமில்லை. அங்கேயே ஒரு மூங்கிலைப் பிளந்து வளைத்து வளையமாக்கினாள். அவள் பிடித்துக்கொள்ள, சொன்னபடி நானே கட்டினேன். மறுநாள் விடிந்ததும் இருவரும் சேர்ந்து ஊருக்கு வந்தோம். ஜீப் வருவதற்குள் அத்தனை கூடைக்கும் விளிம்பு ஏறிவிட்டது.

ஜீப் அம்மாள் ஒவ்வொன்றாகத் தூக்கி அழுத்திப் பார்த்தார். என் கூடைக்கு வந்ததும் புருவம் ஏறியது. "இது என்ன உயரம்? அளவு சொல்லித் தரலையா?" என்று டீச்சரைக் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "அவரைக்காய் கொண்டு போகணும்ங்க. உசரமா வேணும்னு நான்தான் டீச்சரக் கேட்டேன்."

அவர் கூடையைக் கவிழ்த்து அடியைத் தட்டினார். கெட்டியாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு, "டீச்சர், அடுத்த மாசம் தேன்கனிக்கோட்டைக்குப் போறீங்களா?" என்றார். ஜவளகிரிக்காரி தலையாட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என்னையே அனுப்பியதுபோல இருந்தது.

"இங்க எல்லாரும் சொன்னபடி கேட்டாங்களா?"

டீச்சர் எங்களைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைக் கை காட்டினாள்.

"சாலுன்னு சொன்னா சாலு போட்டது இவங்க ஒருத்தங்கதாம்மா."

ஜீப் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. வராந்தா முழுக்கச் சிரித்தது. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.