மரகதம் டீச்சர் கூப்பிட்ட பூக்கள்

மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூட ஆயா வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டிரில் டீச்சர் போயிட்டாங்களாம்மா. தூக்கத்துலயே உயிர் பிரிஞ்சிருக்கு" என்றார். பாதி எழுதிய வரியைக் கரும்பலகையிலேயே விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பாலத்தின் கீழே காவேரி வெறும் மணலாகக் கிடந்தது. அந்த மணலில் வட்டமாக உட்கார்ந்து யாரோ தலை குனிந்திருப்பதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மரகதம் டீச்சரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருச்சியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவர்கள் உடற்பயிற்சி ஆசிரியை. வெள்ளைப் புடவை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "இப்ப ஓடட்டும். அப்புறம் யாரும் ஓட விடமாட்டாங்க" என்று சொல்லி, மணி அடித்த பிறகும் பெண்களை மைதானத்தில் வைத்திருப்பார்கள். அதற்காகத் தலைமையாசிரியையிடம் அடிக்கடி திட்டும் வாங்குவார்கள்.

நயா பைசா வந்த புதிதில் அவர்கள் ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் படித்துறைக்குப் பக்கத்தில் குடிவந்தார்கள். வந்த வாரமே என்னிடம், "வயசான பொம்பளைங்க வர்றாங்க, குளிக்கிறாங்க, துணியப் பிழியறாங்க, போறாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கறதில்ல" என்றார்கள். அடுத்த வாரம் மாலை வேளையில் அந்தப் பெண்களை அரசமர நிழலில் கூட்டி உட்கார வைத்து, ஒரு விளையாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "இவங்களுக்கு வேண்டியது சொத்தும் மரியாதையும். விளையாட்டு இல்ல, டீச்சர்."

"நீங்க போராடி அதை வாங்கிக் குடுங்க, வைதேகி டீச்சர். அதுவரைக்கும் சாயங்காலத்துல இவங்க என்ன பண்ணுவாங்க?"

அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டிய நிலையில் ஊர் இருக்கிறதே என்ற கோபம் இன்றும் எனக்கு இருக்கிறது.

ஆட்டம் எல்லாரும் சிறுவயதில் ஆடியதுதான். டீச்சர் ஒவ்வொருவர் காதிலும் ஒரு பூவின் பெயரைச் சொல்வார்கள். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். பிறகு ஒருவரின் கண்ணைப் பொத்திக்கொண்டு, "மல்லிகைப்பூ, மெல்ல வந்து தட்டிட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். மல்லிகை எழுந்து வந்து அவர் நெற்றியை ஒரு விரலால் தொட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். எல்லாரும் தலை குனிந்துகொள்வார்கள். தொட்டது யார் என்று கண் திறந்தவர் சொல்ல வேண்டும்.

என் அத்தை அலமேலுவை நான்தான் அழைத்துப்போனேன். பத்தொன்பது வயதில் கணவனை இழந்தவள். அன்றிலிருந்து மழித்த தலை, நார்மடிப் புடவை, வீட்டின் பின்கட்டு. பெருமாளுக்குத் தினமும் கூடை கூடையாகப் பூ போகும் தெருவில் அவள் ஒரு பூவைத் தொட்டதில்லை. டீச்சர் காதருகே குனிந்ததும் அத்தை விலகினாள்.

"நேக்குப் பூவெல்லாம் வேண்டாம்."

"அப்படின்னா எருக்கம்பூ போட்டுக்கறேன்."

"எருக்கா? நன்னாயிருக்கே நியாயம்." அத்தை விரலால் மணலைக் கீறினாள். பிறகு மெதுவாக, "தாழம்பூ. கல்யாணத்தன்னிக்குப் பின்னல்ல தாழம்பூ வெச்சுத் தச்சா. அதோட சரி" என்றாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

அன்று அவள் நெற்றியைத் தொட்டவர் செபஸ்தியம்மாள். ஆட்டத்துக்காகவே பொன்மலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், ரயில்வே தொழிலாளியின் தாய். கண்ணைத் திறந்த அத்தை நெற்றியில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "என்ன மாமி, தூங்கிட்டீங்களா? ஆளைச் சொல்லுங்க" என்றார் செபஸ்தியம்மாள். "நீங்கதான். விரல்ல பூண்டு வாசனை" என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். வெயில் தணிந்த அந்தப் பொழுதில் பாலத்தின்மேல் ஒரு ரயில் போனது. சிரிப்பு எது, ரயில் எது என்று பிரிக்க முடியாமல் கரையெல்லாம் ஒரே ஓசையாக இருந்தது.

சேதி அப்பாவுக்கு எட்டியது. "கண்டவாளையும் தொட்டுட்டு, அப்படியே ஆத்துக்குள்ள வரயோ?"

"காவேரிக்கரைலேர்ந்துதானே வரேன், அண்ணா. தீர்த்தமாடிட்டுத்தான் வந்தேன்."

பதில் சொன்னதே குற்றமாகிவிட்டது. மறுநாளிலிருந்து அப்பா அத்தையை வெளியே விடவில்லை. குளியலும் கொல்லைக் கிணற்றில்தான்.

டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். "அவங்க இல்லாம ஆட்டம் கூடல, சார்."

"வயசான காலத்துல பகவான் நாமாவைச் சொல்லிண்டு இருக்கட்டும்."

"சின்ன வயசுலேர்ந்து அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்காங்க. எங்ககிட்ட வந்தா பதில் சொல்ல ஆள் இருக்கு."

அப்பா கதவைச் சாத்தினார். நான் கத்தினேன். கதவுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. அத்தை பேச்சைக் குறைத்தாள், பிறகு சோற்றை.

டீச்சர் வட்டத்தில் அத்தையின் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். தினமும் ஒரு முறை, "தாழம்பூ, மெல்ல வந்து தட்டிட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். யாரும் எழமாட்டார்கள். கண் பொத்தப்பட்டவர் வராத விரலுக்காகக் காத்திருப்பார். "யாரு டீச்சர் இந்தப் பிடிவாதக்காரத் தாழம்பூ?" என்று செபஸ்தியம்மாள் கேட்டால், "வருவாங்க" என்பார்கள். இதை நான் அத்தையிடம் சொன்னபோது அவள் கை நெற்றிக்குப் போனது.

இனி எல்லாருடைய பூப்பெயரும் தெரிந்தவர் யாருமில்லை. டீச்சர் போன அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடி, அத்தையிடம் சேதியைச் சொன்னேன். அவள் எழுந்தாள். அப்பா நடையில் நின்றார். "எங்கே?" அத்தை அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். கூப்பிட்டபடி அவரும் பின்னாலேயே வந்தார்.

டீச்சர் வீட்டு வாசலில் தெருவே நின்றிருந்தது. பாடை தயாராகிக்கொண்டிருந்தது. வட்டத்துப் பெண்கள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அத்தை உள்ளே போய், குனிந்து, ஒரு விரலால் டீச்சரின் நெற்றியைத் தொட்டாள்.

"தாழம்பூ வந்திருக்கேன், டீச்சர்" என்றாள். தெருவுக்கே கேட்டது. அப்பாவுக்கும்.

பிறகு அவள் தரையில், தலை குனிந்து உட்கார்ந்துகொண்டாள். செபஸ்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். "கனகாம்பரம், டீச்சர்." அடுத்தவர், "பிச்சிப்பூ." ஒவ்வொருவராகத் தொட்டு, தம் பூவைச் சொல்லி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பாடை கட்டியவர்கள் கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

போய் வாருங்கள், டீச்சர். இந்த முறை உங்கள் கண்ணை யாரும் பொத்த வேண்டியிருக்கவில்லை. உங்களைச் சுற்றி வட்டம் முழுதாக இருந்தது, காலி இடம் இல்லாமல்.