வயர்லெஸ்ஸில் போன புகார்

பள்ளிக்கூடத்தில் பிரம்பைத் தடை செய்தது சரியா தப்பா என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் வாரத்துக்கு ஒருமுறையாவது சண்டை வரும். பி.டி. சார்தான் ஆரம்பிப்பார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் டீச்சர். முட்டி போட வைக்கக் கூடாது, திட்டக் கூடாது. பெறவு என்ன, கும்பிடு போட்டுப் பாடம் நடத்தவா?" நான் விட மாட்டேன். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளை மேலும் கை வைத்ததில்லை என்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இப்போது அந்தப் பேச்சு தொடங்கினால் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறேன். அலுத்துவிட்டது.

காரணம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கடலோரத்துப் பிள்ளை. அப்பா வள்ளத்தில் போனால் மூன்று நாள், நான்கு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர். மிட்டெர்ம் பரீட்சையில் கணக்குப் பேப்பருக்கு அடியில் பிட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பிடித்தேன். அழுதாள். "நான் என்ன அடிக்கவா போறேன்? வீட்ல ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்" என்றேன். விதியும் அதைத்தான் சொல்கிறது. அடிக்காதே, பெற்றோரிடம் பேசு.

அவள் முகம் அப்போதே வெளுத்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

அம்மாவிடம் போன் கிடையாது. அப்பாவின் நம்பர் கிடைக்கவில்லை. கடலுக்குள் டவர் ஏது? அட்மிஷன் படிவத்தில் இருந்த இன்னொரு நம்பரை அடித்தேன். எடுத்தவர் வள்ளத்தின் சொந்தக்காரர். "அவன் தொழிலுக்குல்லா போயிருக்கான் டீச்சர். என்ன விசயம்?" என்று கேட்டார். வந்ததும் பேசச் சொல்லுங்கள் என்று வைத்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும். மகள் காப்பியடித்துப் பிடிபட்டாள் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் நல்ல மனுஷர். டீச்சர் கூப்பிடுகிறாரே என்று உடனே வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லிவிட்டார். அதில் ஒரு வள்ளத்துக்குச் சொன்னால் அந்தப் பக்கம் நிற்கிற அத்தனை வள்ளத்துக்கும் கேட்கும். காற்று எப்படி, மீன் என்ன விலை, யார் வலை அறுந்தது, எல்லாம் அதில்தான் பேசுவார்கள். இத்தனை வருஷம் அந்தக் கரையில் பாடம் நடத்தும் எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கரை திரும்பிய அன்று சாயங்காலமே அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். என் முன்னால் கைகட்டி நின்றார். "ஒம் மவ பிட்டு அடிச்சுத்தான் டாக்டராவப் போறாளாலேன்னு வள்ளத்துக்கு வள்ளம் கேக்கான் டீச்சர். ரெண்டு நாளா தலை நிமிர முடியல. கயித்தால நல்லா கொடுத்துட்டேன். இனி செய்ய மாட்டா." எனக்கு நன்றி வேறு சொன்னார்.

"அய்யோ, அதுக்காகவா சொன்னேன்?" என்று கத்திவிட்டேன். பிறகு எதற்குச் சொன்னீர்கள் என்பதுபோல அவர் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து அவள் வந்தாள். சரியாக உட்கார முடியாமல் பெஞ்சின் ஓரத்தில் ஒருக்களித்து இருந்தாள். ஹெச்.எம்.மிடம் சொல்லிப் புகார் கொடுக்கக் கிளம்பினேன். "எங்கப்பாவ எங்கனயும் சொல்லிராதீங்க டீச்சர்" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லவில்லை. செய்தது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன வாரம் அவள் வீட்டுப்பாடம் எழுதி வரவில்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எழுந்து வந்து மேசைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

"இங்கனயே ரெண்டு அடி அடிச்சிருங்க டீச்சர். வீட்டுக்கு மட்டும் போன் பண்ணாதீங்க."

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. "ஏளா, நான் போன் பண்ண மாட்டேன். போய் உட்காரு" என்றேன். மறுபடியும் சொன்னேன். கை மடங்கவில்லை. மேசையில் ஸ்கேல் கிடந்தது. அவளே அதை எடுத்து என் கையில் வைத்தாள்.