என் போர்டுக்குக் கீழே ஒருவர்

அடிலெய்டில் நான் வாயால் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருக்கிறது. கெட்ட வார்த்தை இல்லை. என் தொழிலின் பெயர். இங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். காலைச் சாப்பாடு கொடுக்கும்போது ஒரு மூதாட்டி நான் யார் என்று கேட்டார். "சைக்காலஜிஸ்ட்" என்றேன். மேற்பார்வையாளர் ஹெலன் என்னைத் தனியே அழைத்து, இந்த நாட்டில் பதிவு கிடைக்கும்வரை அப்படிச் சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம் என்றார். நான் படித்ததை நம்பவில்லையா என்று கேட்டேன். "இது உன்னைப் பற்றியதே இல்லை" என்றார். அடடா, என் படிப்பு என்னைப் பற்றியது இல்லையென்றால் வேறு யாரைப் பற்றியதாம்! எரிச்சலோடுதான் தட்டுகளைக் கழுவினேன்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கிளினிக். வெளியே என் பெயரும், கீழே அந்தச் சொல்லும் எழுதிய நீலப் போர்டு. பசுவந்தனையிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். தனியாக யாரும் வந்ததில்லை. மாமியார், கொழுந்தன் என்று ஒரு படையே வரும். வந்தவளைத் தவிர எல்லோரும் பேசுவார்கள். அவர்களை வெளியே உட்காரவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நம் நாட்டிலும் மருத்துவ உளவியலாளருக்குப் பதிவு உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் 'சைக்காலஜிஸ்ட்' என்ற வெறும் சொல்லை யார் வேண்டுமானாலும் வாசலில் மாட்டலாம். ஏனென்று கேட்க ஆளில்லை. நான் கிளம்பியபின் அப்பா அந்த அறையைக் கவுன்சிலிங் செய்யும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். அவர் தன் போர்டை மாட்டியிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் குளத்தூர் முத்துமாரி வாட்ஸாப்பில் அழைத்தாள். முதல் பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கி என்னிடம் வந்து தேறியவள். இப்போது இரண்டாவது குழந்தை.

"அக்கா, ஒறக்கமே இல்லக்கா. பிள்ளயத் தூக்கவே பயமா இருக்கு. டாக்டரு குடுத்த மாத்திரைய நிப்பாட்டு, மனசத் திடப்படுத்துனா போதும்னு அந்தச் சாரு சொன்னாவ."

"எந்தச் சாரு?"

"ஒங்க ரூம்ல இருக்கவியதான். போர்டுல ஒங்க பேரு இருக்கவும் ஒங்க ஆளுன்னு நெனச்சிட்டேன்."

அவள் கணவனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இப்போதே அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். குழந்தையோடு அவளைத் தனியாக விடவேண்டாம் என்றும் சொன்னேன். அடுத்து அப்பாவை அழைத்து, என் போர்டை இறக்கச் சொன்னேன்.

"ஏட்டி, செத்தவிய பேரத்தான் எறக்குவாவ. உசுரோட இருக்க புள்ள பேர எறக்கச் சொல்லுதியே, கூறு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினார். அந்தப் போர்டை அவர் தினமும் துடைப்பாராம். முத்துமாரியைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் புள்ள எப்படிட்டி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முத்துமாரி மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டாள், உறங்குகிறாள். ஹெலன் சொன்னது யாரைப் பற்றியது என்று எனக்கு இப்போது தெரியும். வாடகைக்காரரை அப்பா காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் அடுத்த தெருவில் சொந்தப் பெயரில், அதே சொல்லோடு, புதுப் போர்டு மாட்டியிருக்கிறார். என் போர்டை அப்பா என் கட்டிலில் கிடத்தி, போர்வை போர்த்தி, படம் எடுத்து அனுப்பினார். அதை வேலைக்கு நடுவே பார்த்தேன். என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது.