மூலைத் தொட்டி

நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு உப்புக்காரி என்றுதான் பெயர். ஒரு நெல்லின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் தட்டிக் கலப்பினம் செய்வதும், பிறக்கிற நாற்றுகளுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி எது பிழைக்கிறது என்று பார்ப்பதும்தான் வேலை. "ஊர்ப்பட்ட நெல்லுக்கு உப்பக் கொட்டுற, நம்ம சாப்பாட்டுல போட மட்டும் மறந்துடுற" என்று புருஷன்காரன் கிண்டலடிப்பான்.

இன்றைக்குக் கிண்டல் எதுவும் காதில் ஏறவில்லை. காலையிலேயே அண்ணன் போன் செய்துவிட்டான். கடல் தண்ணீர் ஏறிப் பயிர் கருகிப்போன வயல் அவனுடையது.

"இறால் பண்ணைக்காரங்க சாயங்காலம் வர்றாங்கம்மா. குட்டை வெட்டிட்டா அப்புறம் அது வயலே இல்ல. உன் நெல்லு தாங்கும்னு ஒரு வார்த்தை சொல்லு. விதை வர வருஷக்கணக்கானாலும் காத்திருக்கேன்."

"பாத்துட்டுச் சொல்றேன்ணா."

கண்ணாடிக் கூடத்தில் எல்லாத் தொட்டியிலும் நாற்றுகள் வெளுத்துச் செத்துக் கிடந்தன. மூலைத் தொட்டி மட்டும் பச்சைப்பசேலென்று, கதிர் கட்டி நின்றது. தொட்டிகளை வாராவாரம் இடம் மாற்ற வேண்டும்; எந்த மூலையும் எந்தச் செடிக்கும் சலுகை காட்டிவிடக் கூடாது. அவளே போட்ட சட்டம். ஆனால் இதை மட்டும் அவள் தொடவில்லை. அசைத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் இல்லை, பாவி.

குனிந்தாள். பிடரியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

அண்ணாந்து பார்த்தாள். மேலே நல்ல தண்ணீர்க் குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. உப்பு அளக்கும் கருவி கையில்தான் இருந்தது, கைதான் இறங்க மாட்டேன் என்றது. அளக்காமலே விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு அவமானமாக இருந்தது. கருவியைத் தொட்டி மண்ணில் செருகினாள்.

குடிக்கிற தண்ணீரில் இருக்கிற அளவு உப்பைத்தான் காட்டியது. அவள் ஊற்றிய உப்பையெல்லாம் சொட்டுத் தண்ணீர் கழுவி அடித்துளை வழியே இறக்கிவிட்டிருந்தது. இனிமேல் உப்பு ஊற்றினால் செடி தாங்கலாம், சாகலாம். இன்று சாயங்காலத்துக்குள் தெரியாது.

போன் போட்டாள். அண்ணன் உடனே எடுத்தான்.

"அவங்க வந்தா பேசி முடிச்சிருங்கண்ணா."



"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொல்லி?"

"பொய்னு தெரிஞ்சாலும் காத்திருந்திருப்பேன்" என்றான்.