ஒன்பது வாங்கிய இருவர்

சுதந்திரம் வந்த மறுவருடம், நான் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் சீமையிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தார். இதய வால்வு கெட்டவர்களிடம் அதிலுள்ள கேள்விகளைக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று எண் போட வேண்டும். எண் கூடினால், அறுவைக்குப் பிறகு பிழைப்பது அரிது. இது நம் ஊர்க்காரர்களுக்கும் பலிக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஆசை. சிங்கப்பூரில் அறுவை முடிந்த ஆறாம் மாதம், அவரவர் வீட்டுக்குச் சைக்கிளில் போய் ஓர் அட்டையில் 'உயிருடன்', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் கோடு போடுவது என் வேலை. இன்னும் சாகவில்லையா என்று விசாரிக்கச் சம்பளம் வாங்கியவன் மலாக்காவிலேயே நான் ஒருவன்தான்.

உஜோங் பாசிர் ஊர் மீன் வியாபாரி ஒன்பது வாங்கியவர். நான் போனபோது வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். 'உயிருடன்' என்று போட்டுக் கொடுத்ததும் டாக்டரின் முகம் சுருங்கியது. "நன்றாகப் பார்த்தாயா?" என்று திருப்பி அனுப்பினார். மறுபடியும் போனேன், மறுபடியும் இருந்தார். மூன்றாம் முறை அவரே கோபத்தோடு, ஒரு கூடை மீனும் கையுமாக டாக்டர் முன்னால் வந்து நின்றார்.

"தொட்டுப் பாருங்க லா தொரை. நான் செத்தாத்தான் உங்க கணக்கு சரியா வருமா?"

மீன் கொண்டுவந்திருக்கிறார் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

பிறகு அவருடைய தாளை எடுத்துப் பார்த்தேன். 'மாடிப்படி ஏற முடிகிறதா?' என்பதற்கு 'இல்லை' என்றிருந்தது. அறுவைக்கு முன் நான் கேள்வி கேட்ட அன்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: "நம்ம வூட்ல ஏது தம்பி மாடி? ஏறுனதே இல்லியே." அதை ஏற முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு, 'இல்லை' எழுதி நாலு எண் கூட்டியது நான்தான். சொன்னால் வேலை போய்விடும். தாளை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அடுத்த மாதம், அவர் உட்கார்ந்து பதில் சொன்ன அதே நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்தாள். காஜா பெராங் தெருவிலுள்ள எங்கள் வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் நடுவில், மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் உட்காருகிறவள். எப்படிக் கூட்டினாலும் ஒன்பது, நேர்மையான ஒன்பது. அறுவை செய்யாவிட்டாலும் அவளுக்கு நாள் அதிகமில்லை.

"எத்தனைங்க?"

"ஒன்பது."

"அந்த மீன்கார அண்ணன் நம்பர்தானே? அவரு நல்லாத்தானே இருக்காரு! அப்ப நான் போறேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அவருடைய ஒன்பது என் தப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதை நம்பித்தான் சிங்கப்பூருக்கு பஸ் ஏறினாள். அறுவை முடிந்து அவள் கண் திறக்கும்வரை நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

ஆறாம் மாதம், மற்ற அட்டைகளோடு அவளுடைய அட்டையையும் டாக்டர் என்னிடமே நீட்டினார். "நேரில் பார்த்துதான் எழுத வேண்டும்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே போனேன்; வழியில் தெருக்குழாயடியிலேயே அவளைப் பார்த்தேன். அன்றுதான் முதல் முறையாகக் குழாயடிக்குத் தனியாக வந்து, வாளி நிறையத் தண்ணீர் பிடித்திருந்தாள்.

"உயிரோட இருக்கியா?" என்று கேட்டேன்.

"வேலை நேரத்துல வந்து கேக்குற கேள்வியா லா இது? தள்ளுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எங்கேயும் உட்காரவில்லை. பின்னால் போன நான்தான், வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.