சூசையிடம் நான் கேட்காத கேள்வி

சமூகவியல் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று மாணவர்களாகிய நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் சரியாகத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

1. முதல் நாள்

நான் பி.எஸ்சி. விலங்கியல், பிறகு எம்.ஏ. சமூகவியல். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களை ஆராயும் திட்டம் ஒன்றில் ஆறு மாதத் தற்காலிக வேலை. தலைமை எழுத்தர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, நீ டெக்னிக்கலா, ஆபீஸ் ஸ்டாஃபா?"

"ரெண்டும் இல்ல சார். புது டெக்னிக் வந்தா ஜனங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"அதுக்குச் சம்பளம் வேற குடுக்காங்களா?" என்றவர், வாட்ச்மேன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார்.

2. ரோஸ்டர்

சிப்பி எடுக்க மூழ்கும் குளியாட்கள் படகிலிருந்து கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்குவார்கள். கீழிருந்து அசைத்தால் மேலே தூக்க, ஒவ்வொருவருக்கும் படகில் ஒருவர் கயிறு பிடிப்பார். திட்ட அதிகாரி புது ரோஸ்டர் போட்டார்: கயிறு பிடிப்பவர்கள் தினமும் மாற வேண்டும். நான்கு குளியாட்கள் இறங்க மறுத்தார்கள். காரணத்தை நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நால்வருக்கும் வேலை போகும்.

மூத்தவர் சூசை. படித்த பெண் வேறு என்னவாக இருக்க முடியும் என்று என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார்.

"எம் மச்சான் கயிறு பிடிச்சாத்தான் இறங்குவேன் டீச்சர்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகத்தில் படித்த உறவுமுறை கடற்கரையில் வந்து நிற்கிறதே! மற்ற மூவரிடமும் "உங்களுக்கும் மச்சானா?" என்று மட்டும் கேட்டேன். ஒருவருக்கு மச்சான், ஒருவருக்குத் தம்பி, இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். உறவினர் கயிறு பிடித்தால்தான் இறங்குவது இவர்கள் நம்பிக்கை என்று ரிப்போர்ட் எழுதினேன்; பக்கத்து வீட்டுக்காரரை அதில் விட்டுவிட்டேன்.

அதிகாரி படித்தார். "அப்ப மூடநம்பிக்கைன்னு சொல்லுங்க."

"நம்பிக்கை சார். மூடம்னு நான் எழுதல."

"ரெண்டும் ஒண்ணுதான்." சிவப்பு மையில் திருத்தினார். அந்த வாரமே நால்வரையும் நிறுத்தினார்கள்.

3. சூசை வந்து நின்றது

"மச்சான் இல்லாம முடியாதுன்னு எழுதிட்டியளாமே?"

"நீங்கதானே அண்ணாச்சி சொன்னீங்க?"

"யாரு பிடிக்கணும்னு கேட்டிய, சொன்னேன். ஏன்னு கேட்டியளா? கீழ தலை கிறங்கிட்டா கயித்த அசைக்க முடியாது. அசைக்காமலே தூக்கணும். மச்சான் எட்டு வருசமா எங்கூட இருக்கான், கயிறு நிக்க விதத்துலயே அவனுக்குத் தெரியும். வேற ஆளை ரெண்டு மாசம் எங்கூட விடுங்க, அவனும் பழகிருவான். தினம் ஒருத்தன் பிடிச்சா நான் செத்துல்லா மேல வருவேன்?"

ஜோடியை மாற்றாமல் இருந்தால் போதும். அவ்வளவுதான் விஷயம். இன்னொரு குறிப்பு எழுதிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். அவர் மேசையில் என் வேலை நீட்டிப்பு உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"முதல் ரிப்போர்ட் தப்புன்னா, அத எழுதுன ஆளுக்கு எதுக்கும்மா எக்ஸ்டென்ஷன்? யோசிச்சுச் சொல்லுங்க."

குறிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். வீட்டில் என் வேலையை நம்பி இருந்தார்கள் என்று காரணம் சொல்லலாம். சூசை வீட்டிலும் அப்படித்தான் இருந்தார்கள். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்.

நான் கோழையா, பிழைக்கத் தெரிந்தவளா என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. அந்த உருப்படாத ரிப்போர்ட்டைக் காட்டித்தான் அடுத்த வேலையும், அதற்கடுத்த வேலையும் கிடைத்தன. இந்தத் துறையில் முன்னேறுவது எப்படி என்று எழுதச் சொல்கிறீர்கள். இப்படித்தான் முன்னேறினேன்.

நான் கற்றது ஒன்றுதான். கிடைத்த பதில் உங்கள் பாடத்தோடு பொருந்துகிறது என்று நோட்டை மூடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். எதிரில் இருப்பவரின் வேலை போவதற்கு முன்பே கேளுங்கள்.