சீல் வெச்ச சைக்கிள் கடையில கேட்ட குரல்

தம்பி, மொதல்லயே சொல்லிடறேன், பேய் பிசாசு எதையும் நம்புற ஆளு கிடையாது நானு. முப்பது வருஷம் போலீஸ் வேலைல இருந்தவன், பொணத்துக்கு காவலா சுடுகாட்டுலயே படுத்து எழுந்திருக்கேன், ஒண்ணும் என்கிட்ட வந்து ஒரு வார்த்த பேசுனது இல்ல. இப்ப சொல்லப்போறத நீ நம்புனாலும் சரி, கெழவன் கத வுடுறான்னு நெனச்சாலும் சரி. இது ராத்திரி இருட்டுல நடந்ததும் இல்ல, பட்டப்பகல்ல, தெரு நெறைய ஜனம் நிக்கிறப்ப நடந்தது.

எழுபதுகளோட ஆரம்பம். நான் சின்ன காஞ்சிபுரத்துல கான்ஸ்டபிள், எங்களுக்கு இன்னும் அரை நிஜார்தான். பெருமாள் கோயில் பக்கத்துல ஒரு தெரு, வீட்டுக்கு வீடு தறி ஓடும், அந்த தெரு முனையில கன்னியம்மான்னு ஒரு அம்மா வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தது. புருஷன் நடத்துன கடை, அவரு போனப்புறம் இந்தம்மாவே எடுத்து நடத்துச்சு. பொம்பளைக்கு இன்னாத்துக்கு சைக்கிள் கடைன்னு பேசுனவங்கல்லாம் ஒரு மாசத்துல அங்கயே வந்து வாடகைக்கு வண்டி எடுத்தாங்க. அந்தம்மா குரலு இருக்குது பாரு, கரகரன்னு, இந்த முனையில கத்துனா அந்த முனையில தறி நின்னுடும். பிரேக் புடிக்காம பெல் அடிச்சிக்கினு வர்றவன பாத்து, "யோவ், பெல்லு வண்டிய நிறுத்துமாய்யா"ன்னும். என்ன ஒரு நாளும் பேர் சொல்லி கூப்ட்டது இல்ல. "இன்னா போலீசு, டயர்ல காத்தே இல்ல, இதுல போயி நீ திருடன புடிக்கப்போறியா"ன்னு திட்டிக்கினே காத்தடிச்சி அனுப்பும். அந்த தெருவுல திட்டு வாங்காத ஆளே இல்ல, அந்தம்மா மேல கோவப்பட்ட ஆளும் இல்ல.

ஒரு நாள் சாயங்காலம், வெளக்கு வெக்கிற நேரம், எவனோ கடைக்குள்ள பூந்து பின்னாலருந்து மண்டையில அடிச்சி, காதுல கெடந்த கல்லு கம்மல அப்டியே அறுத்துக்கினு போயிட்டான். வண்டிய திருப்பி உட வந்தவரு பாத்து கத்திருக்காரு. பெரியாஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடுனோம், அங்க பாத்துட்டு உடனே மெட்ராஸுக்கு அனுப்பிட்டாங்க. வேன்ல ஏத்துறப்ப மூஞ்சி வரைக்கும் துணி சுத்தி இருந்தது. அத நம்ம ஊரு நிருபர் பாத்துட்டாரு. நல்ல மனுஷன், ஜவுளிக் கடையில வேல, சைடுல பேப்பருக்கு நியூஸ் அனுப்புவாரு. மறுநாள் காலையில பேப்பர்ல கொட்ட எழுத்துல வந்துடுச்சி, "சைக்கிள் கடைப் பெண் படுகொலை, வேலையாள் தலைமறைவு"ன்னு.

அந்த வேலையாள்தான் ஏழுமலை. முசரவாக்கத்து ஆளு, கல்யாணமாகி ஒரு பொண்ணு இருந்தா, கடையில பஞ்சர் ஒட்டுவான், வாயத் தொறந்து பேச மாட்டான். மொத நாளுதான் கன்னியம்மா அவன தெருவே கேக்க திட்டியிருந்தது. சம்பவம் நடந்தப்ப ஆளு இல்ல. ஒரு தெருவுக்கு இது போதாதா. காலையில டீக்கடையில ஒருத்தர் பேப்பர சத்தமா படிச்சாரு, சுத்தி நின்னு கேட்டவங்க மத்தியானத்துக்குள்ள அவன் அடிச்சத கண்ணால பாத்த மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டாங்க. அந்த தெருவுல அன்னிக்கு ஒரு தறி ஓடல. பொம்பளைங்க கடை வாசல்ல பூவ வெச்சிட்டு அழுவுறாங்க. நான் சொல்றேன், "ஏம்மா, அந்தம்மா செத்துடுச்சின்னு எங்களுக்கே இன்னும் தகவல் வரல"ன்னு. "பேப்பர்லயே போட்டுட்டான், உனுக்கு இன்னா தெரியும்"னு என்னத்தான் திட்டுறாங்க. உள்ளத சொல்லணும்னா எனக்கே சந்தேகம் வந்துடுச்சி, பேப்பர்காரன் சும்மாவா போடுவான்னு.

இன்ஸ்பெக்டர் ஐயா கடைய பூட்டி, பூட்டு மேல துணி சுத்தி அரக்கு சீல் வெச்சிட்டு, "யாரும் கிட்ட வரக்கூடாது, பாத்துக்க"ன்னு என்ன வாசல்ல நிக்க வெச்சிட்டு போயிட்டாரு. முன்பக்கம் ஒரே ஒரு பலகைக் கதவு, மத்த மூணு பக்கமும் செவுரு, ஜன்னல் கூட கிடையாது. இத நல்லா மனசுல வெச்சுக்கோ.

நாலு மணி இருக்கும். வெயில் அப்டியே காயுது. பஸ் எறங்கி நடந்து வர்றான் ஏழுமலை, கையில ஒரு பை, பை நெறைய பச்ச வேர்க்கடலை, கன்னியம்மாவுக்குன்னு புடுங்கினு வந்தது. ஒண்ணுமே தெரியாது அவனுக்கு. வாசல்ல பூவும் கும்பலும் பாத்துட்டு "இன்னாபா ஆச்சி"ன்னு கேக்குறான், அந்த வார்த்த முடியங்காட்டியும் ஒருத்தன் அறஞ்சிட்டான். அவ்ளோதான், சுத்திக்கினாங்க. கடலை ரோடெல்லாம் கொட்டிப் போச்சி. வெங்கடேசுலுன்னு ஒரு நெசவாளி, தெலுங்கு பேசுறவரு, எறும்ப கூட மிதிக்க மாட்டாரு, கன்னியம்மாதான் அவருக்கு சைக்கிள் விட கத்துக்குடுத்தது, அவரு ஒரு பெரிய கழிய தலைக்கு மேல தூக்கிட்டாரு. நான் லட்டிய வெச்சிக்கினு நடுவுல பூர்றேன், யாரு மதிக்கிறாங்க, என் தொப்பி எங்கயோ போயிடுச்சி. அம்மாவ அடிச்சவன விடாதன்னு ஒரே கூச்சல். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா ஆள கொன்னுருப்பாங்க. கெட்டவங்க இல்ல தம்பி அவங்க. அந்தம்மா மேல வெச்ச பாசம், அன்னிக்கு அப்டி திரும்பிடுச்சி.

அப்பதான் கேட்டுது. கடைக்கு உள்ளருந்து. நீ நம்புவியோ மாட்டியோ, அதே கரகர குரலு, என் முதுகுக்கு பின்னால, பூட்டுன கதவுக்கு அந்தாண்ட.

"இன்னா கும்பலு கடை முன்னால? அவன் மேல கைய வெக்காதீங்க. அவன் இல்ல."

அத்தன பேரும் கப்புனு நின்னுட்டாங்க. ஓடலாம்னு கூட யாருக்கும் தோணல. இன்னா பண்ணாங்க தெரியுமா, தெனம் அந்தம்மா திட்டுனா எப்டி கடை வாசல விட்டு ஒதுங்குவாங்களோ அதே மாதிரி தலைய குனிஞ்சிக்கினு ரெண்டடி பின்னால போனாங்க. வெங்கடேசுலு கழிய அப்டியே கீழ போட்டுட்டாரு. கீழ விழுந்து கெடந்த ஏழுமலை மட்டும் எழுந்து ஒக்காந்து, மூக்குல ரத்தம் ஒழுவ ஒழுவ, கதவ பாத்து சொல்றான், "உட்டுச்சிம்மா. கஞ்சி குடிச்சா."

வேலை வேலைதானே, கெடச்ச நேரத்துல அவன எழுப்பி, தோள்ல கைய போட்டு ஸ்டேஷனுக்கு நடத்தினு போயிட்டேன். ஒருத்தன் குறுக்க வரல. வழியில கேட்டேன், "யார்கிட்டப்பா பேசுன?"ன்னு. "அம்மாதான் சார் கேட்டாங்க, கொழந்தைக்கு ஜொரம் உட்டுச்சான்னு. நேத்து மத்தியானம் அவங்கதான் என்ன ஊருக்கு போயி பாருன்னு அனுப்புனாங்க"ன்றான். ஜொரம்னு ஒரு வார்த்த என் காதுல விழல தம்பி. பயத்துல ஒளர்றான்னு நெனச்சிக்கினேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா நான் சொன்னத கேட்டு சிரிக்கல. நேரா வந்து சீல பாத்தாரு, உடையாம இருந்தது. அவரே உடைச்சி, கதவ தொறந்து, மூல முடுக்கெல்லாம் டார்ச் அடிச்சாரு. சைக்கிளுங்க வரிசையா நிக்குது, பம்பு சாஞ்சி நிக்குது, ஒரு மனுஷன் இருந்த தடயம் இல்ல. "எவனாவது குரல் மாத்தி பேசிருப்பான்யா, விடு"ன்னாரு. சொல்லிட்டு மறுபடி ஒரு தடவ உள்ள டார்ச் அடிச்சி பாத்தாரு.

அன்னிக்கு சாயங்காலம் மெட்ராஸ்லருந்து டிரங்க்கால் வந்தது. கன்னியம்மா சாகல. உயிர் இருக்குது, நெனவுதான் இல்ல, வந்ததுலருந்து வாயே தொறக்கலன்னாங்க. எனக்கு அதுதான் இன்னும் பயமா போச்சி. செத்திருந்தா ஆவின்னு சொல்லிட்டு போயிடலாம். உயிரோட மெட்ராஸ்ல படுத்துக்கினு கெடக்குறவங்க இங்க எப்டி பேசுறது.

அப்புறம் வேற ஊர்ல வேற திருட்டுல மாட்டுனவன் ஒருத்தன் இதையும் ஒத்துக்கினான். ஏழுமலைய அவன் பாத்தது கூட இல்ல. பேப்பர்ல அத உள் பக்கத்துல, கீழ, நாலு வரியில போட்டாங்க.

கன்னியம்மா ரெண்டு மாசம் கழிச்சி வந்து எறங்குனப்ப தெருவே போயி நின்னுச்சி. வெங்கடேசுலு வீட்டுலருந்து பட்டுத் துண்டு கொண்டாந்து போத்துனாரு. ஆனா பேச்சு போயிடுச்சி தம்பி. அடிபட்டதுல போயிடுச்சின்னு டாக்டர் சொல்லிட்டாரு, திரும்ப வரவே இல்ல. அந்த நாலு மணிக்கு நாங்க கேட்டதுதான் அந்தக் குரல கடைசியா கேட்டது. அதுக்கப்புறம் ஒரு சைக்கிள் பெல்ல மேசையில ஆணி அடிச்சி வெச்சிக்கினு, அத அடிச்சே திட்டும். நிருபர் ஆப்பிள் வாங்கினு கைய கட்டினு வந்து நின்னாரு. அந்தம்மா ஆப்பிள வாங்கி வெச்சிட்டு பம்ப எடுத்து அவர் கையில குடுத்து, கடையில இருந்த அத்தன வண்டிக்கும் காத்தடிக்க வெச்சிது. ஏழுமலை சிரிச்சி நான் பாத்தது அன்னிக்குதான்.

ஒரு தடவ யாரும் இல்லாதப்ப கேட்டேன், "அன்னிக்கு நீ இங்க வந்தியாம்மா?"ன்னு. கைய ஆட்டி, போ, போயி வேலைய பாருன்ற மாதிரி வெரட்டுச்சி.

நான் ரிட்டையர் ஆனப்புறம் ஒரு நாள் வெங்கடேசுலுவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். பேச்சு அங்க போச்சி. "கழிய ஏன் சார் போட்டேன் தெரியுமா, அந்தம்மா எங்கிட்ட தெலுங்குல சொல்லிச்சி சார், வத்து நாயனான்னு. வேணாம்பான்னு அர்த்தம். எங்கம்மா அப்டித்தான் சொல்லுவாங்க, அவங்க போயி வருஷமாச்சி. ஆனா குரலு கன்னியம்மா குரலு"ன்றாரு. கன்னியம்மாவுக்கு தெலுங்குல ஒரு வார்த்த தெரியாது.

அதுக்கப்புறம் அன்னிக்கு அங்க நின்னவங்கள ஒவ்வொருத்தரா தேடிப்போயி கேட்டேன். கதவுக்கு உள்ளருந்து ஒரே ஒரு குரல்தான் வந்துதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னா சொல்லுச்சின்னு கேட்டா, ஒருத்தர் சொன்ன மாதிரி இன்னொருத்தர் சொல்லல.